விடுமுறையில் திறந்த சமையலறை

நாலு அக்காக்களுக்குப் பிறகு பிறந்தவள் என்பதால் கடைக்குட்டி என்ற பேரே அவளுக்கு நிலைத்துவிட்டது. தனியறையில் படுத்தே பழக்கமில்லாதவள். குடிநீர்ச் சுத்திகரிப்பில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்ததும் கடல் கடந்து வந்து, ஒற்றை ஜன்னல் விடுதி அறையில் குடியேறினாள். படிப்பு ஒருமாதிரி ஓடியது. முதல் பருவத் தேர்வு முடிந்தபோதுதான் தலையில் இடி விழுந்தது. விடுமுறைக்கு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்களாம். அதனால் சாப்பாட்டுக்கூடத்தையும் விடுதித் தளங்களில் உள்ள சமையலறைகளையும் பூட்டிவிடுவார்களாம். வீட்டுக்கு என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்கள்! அவள் வீட்டுக்குப் போக இரண்டு விமானம் மாற வேண்டும்.

அந்த விடுமுறை ரொட்டியும் ஜாமுமாகக் கழிந்தது. ஒருநாள் நாக்கு செத்துப்போய், கொஞ்சம் அரிசியும் மின்சாரக் கெட்டிலுமாகத் துணி துவைக்கும் அறைக்கு இறங்கினாள். அறையில் சமைக்கக் கூடாது என்பது விடுதி விதி; இங்கே சோப்பு வாசனையில் சோற்று வாசனை அமுங்கிவிடும் என்று கணக்கு. அங்கே ஏற்கெனவே ஒருவன் தரையில் உட்கார்ந்து கெட்டிலில் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தான். வேறொரு தேசத்துக்காரன். எந்த வாசலில் நுழைந்தாலும் தலை இடிக்கும் என்பதால் விடுதியில் அவனை நெட்டையன் என்பார்கள்.

"மாட்டிக்கிட்டேனா?" என்று பதறி எழுந்தான்.

"நானும் அதுக்குத்தான் வந்தேன். கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

பருவம் தொடங்கியதும், வெளிநாட்டு மாணவர்களிடம் யோசனை கேட்க ஒரு குழு அமைக்கிறோம் என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. இருவரும் பேர் கொடுத்தார்கள். கூட்டத்துக்கு முதல் நாள் பெரியக்கா போனில் புலம்பித் தீர்த்தாள்.

"ஏண்டி, போன இடத்துல வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா? விசாவுல கை வச்சிட்டா என்ன பண்ணுவ?"

"அவங்களாதானே கூப்பிட்டாங்க, அக்கா."

"கூப்பிட்டா? பிஸ்கட் வைப்பாங்க. தின்னுட்டு வா."

பிஸ்கட் நிஜமாகவே வைத்திருந்தார்கள். மாணவர் நல அதிகாரி சிரித்த முகமாக ஆரம்பித்தார். "அவங்கவங்க நாட்டு உடையில ஒரு கலைவிழா நடத்தலாமா? இது உங்க வீடு மாதிரி உங்களுக்குத் தோணணும்."

கடைக்குட்டி பிஸ்கட் தட்டைத் தள்ளி வைத்தாள். நெட்டையனைப் பார்த்தாள். அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"விழா வேணாம்னு சொல்லல, மேடம். ஆனா வீடுன்னா லீவுக்குப் பூட்ட மாட்டாங்களே."

ஆரம்பித்தாயிற்று, இனி என்ன என்று ரொட்டியிலிருந்து கெட்டில் வரை கொட்டிவிட்டாள். நெட்டையனும் மெல்ல, "முட்டை வேகவச்சது நான்தான்," என்றான்.

அதிகாரி பேனாவை மூடினார். "அந்த ரூமைக் காட்டுங்க."

கடைக்குட்டி முன்னால் நடந்து வழி காட்டினாள். துவைக்கும் இயந்திரங்களுக்கு நடுவே, ஜன்னல் கூட இல்லாத அந்த மூலையை அதிகாரி வெகுநேரம் பார்த்தார்.

"லீவுல நான் எங்கம்மா கையால சாப்பிட்டுட்டு இருந்தேன்," என்றார் தணிந்த குரலில். "இதை யாரும் எங்கிட்ட சொல்லலையே."

"யாரும் கேக்கலையே, மேடம்."

உடனே எல்லாம் மாறிவிடவில்லை. தீப்பிடித்தால் யார் பொறுப்பு, காவலுக்கு ஆள் எங்கே என்று நிர்வாகம் முரண்டு பிடித்தது. அதிகாரி விடாப்பிடியாக நின்றார். இவர்களும் ஒவ்வொரு கூட்டமாகப் போய்ப் பேசினார்கள். சாப்பாட்டுக்கூடத்துக்குக் கையை விரித்துவிட்டார்கள். ஆனால் விடுதியில் ஒரு தளத்தின் சமையலறை மட்டும் விடுமுறையிலும் திறந்திருக்கும் என்று முடிவாயிற்று.

அடுத்த விடுமுறையின் முதல் நாளே சமையலறை அமளிதுமளிப்பட்டது. இருக்கிற அடுப்புகளுக்கு ஆளாளுக்குப் போட்டி. நெட்டையன் எதையோ தீய்த்துவிட்டு ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தான். அப்போது கதவோரம் ஒரு பெண் தயங்கித் தயங்கி நின்றாள். கடைக்குட்டியின் வகுப்பில் படிக்கிற உள்ளூர்ப் பெண்.

"யாரத் தேடறீங்க?"

"யாரையும் இல்ல. நான் இந்த ஊருதான்... காப்பகத்துலயே வளர்ந்தவ. லீவுன்னா போறதுக்கு வீடுன்னு ஒண்ணு இல்ல. இது வெளிநாட்டுக்காரங்களுக்கு மட்டுமா?"

இத்தனை கூட்டத்தில் பேசியும் இப்படி ஒருத்தி பக்கத்து இருக்கையிலேயே இருப்பாள் என்று கடைக்குட்டிக்குத் தோன்றவே இல்லை. அடுத்த கூட்டத்தில் முதல் பேச்சு இதுதான் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

"உள்ள வாங்க," என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "வெங்காயம் நறுக்கத் தெரியுமா?"