பஞ்சில் செய்த பனிமலை

வெள்ளத்தாயும் நானும் ராஜபாளையத்தில் ஒரே நூல் மில்லில் வேலை பார்த்தோம். அவள் மம்சாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் புருஷன் சோலைச்சாமி பட்டாளத்துக்காரர். எண்பத்தாறில், வடக்கே காவலுக்கு நின்ற இடத்தில் பனிச்சரிவில் புதைந்துபோனார். உடம்பு கிடைக்கவில்லை. இறந்துவிட்டார் என்று ராணுவமே சொல்லியும் இவள் தாலியைக் கழற்றவில்லை.

மாமியார் அங்காளம்மாள் விடாமல் சண்டை போடுவாள். "எம்மவனுக்குக் காரியம் பண்ண விடுட்டி. அவன் ஆவி அலையுது."

"உடம்பப் பாத்து வாய்க்கரிசி போடாம தாலிய எறக்க மாட்டேன்" என்பாள் இவள்.

ஊர்ப் பெண்கள் பேசிய பேச்சைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் கழுத்தில் எது கிடந்தால் இவர்களுக்கு என்ன?

தொண்ணூற்று மூன்றில் சென்னையிலிருந்து மியூசியத்துக்காரர்கள் வந்து ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி போட்டார்கள். கூடம் முழுக்கப் பனிமலை. உள்ளே நாமே நடந்து போகலாம். சுவரொட்டியைப் பார்த்துவிட்டு வெள்ளத்தாய்தான் கூப்பிட்டாள். மில்லில் பார்க்காத பஞ்சையா அங்கே பார்க்கப் போகிறோம் என்று கேலி செய்துகொண்டே போனேன்.

பஞ்சுதான். ஆனால் கறுப்புத் துணிக்குப் பின்னால் ஐஸ் பாளங்களை அடுக்கி ஃபேன் போட்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் காற்று ஊளையிட்டது. நடுவில் ஒரு கூடாரம், கட்டில், தலையணை, கம்பளி. எனக்குப் பல் கிட்டிவிட்டது, கேலியும் நின்றுவிட்டது.

காவலுக்கு நின்ற சங்கிலிப்பாண்டி பழைய பட்டாளத்துக்காரர். வெள்ளத்தாய் அவரிடம் கேட்டாள். "அண்ணே, அங்கன இம்புட்டுக் குளிருமா?"

"இதெல்லாம் ஒரு குளிரா தாயி."

"இதுக்குள்ள பொதஞ்சு போனவிய?"

அவர் அவள் கழுத்தைப் பார்த்தார். "செத்த நேரந்தான். பொறவு ஒண்ணும் தெரியாது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "ஏட்டி ஞானபாக்கியம், இன்னொருக்கா வாரியா?" என்றாள். முந்தானையில் ஏதோ முடிந்திருந்தாள். கூடாரத்துக் கட்டிலருகே போய் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே பச்சரிசி இருந்தது. தலையணையின்மேல், வாய் இருக்கும் இடம் பார்த்து, மெல்லப் போட்டாள்.

"ஏம்மா, அதையெல்லாம் தொடக் கூடாது" என்று பின்னால் ஒருவர் சத்தம் போட்டார். சங்கிலிப்பாண்டி அவரைக் கையமர்த்திவிட்டு, வாசல் கயிற்றை இழுத்துக் கட்டி வரிசையை நிறுத்தினார். நான் அழுதேன். அவள் அழவில்லை.

மம்சாபுரத்துக்கு நானும் கூடப் போனேன். அங்காளம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"அத்தே, அவியளுக்கு வாய்க்கரிசி போட்டுட்டேன். தாலிய எறக்கிருதேன். காரியத்துக்கு நாள் பாருங்க."

சொல்லிவிட்டுக் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனாள். அங்காளம்மாள் கீரையைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஏழு வருஷமாகக் கழற்று கழற்று என்று நின்ற மனுஷி.

"வேண்டாந் தாயி" என்றாள். "அது உங்கழுத்துல கெடந்தவரைக்கும் எம்மவன் இருந்தான்."