நீலம் அடித்த சுவர்

அந்தச் சுவருக்கு நீலம் அடிக்கச் சொன்னது நான்தான். வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. ராதாபுரத்திலிருந்து வந்த பெயிண்டர், “இத்தன வருசமா வெள்ளதான இருக்கு, இருந்துட்டுப் போட்டுமே” என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார். நான் கேட்கவில்லை. அவர் நீட்டிய அட்டையில் வானநீலத்தின் மேல் விரலை வைத்தேன்.

கல்யாணமாகித் தச்சநல்லூருக்குப் போனவள் நான். வருடம் தவறாமல் கொடியேற்றத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வந்துவிடுவேன். அது கடற்கரை ஊரின் தெற்கு ஓரத்தில், ஊருக்குள் இடம் பற்றாமல் போனபோது மணலை நிரவிக் கட்டிக்கொண்ட குடியிருப்பு. நூறு, நூற்றைம்பது வீடு இருக்கும். எங்களுக்கென்று ஒரு சின்னக் கோயில், அதற்கொரு கோபுரம், உச்சியில் சிலுவை. பழைய ஊர்க்காரர்களுக்கு நாங்கள் இன்றைக்கும் ‘காலனிக்காரங்க’தான். கல்யாணப் பத்திரிகைகூடக் கடைசியாகத்தான் எங்கள் பக்கம் வரும். அந்தக் கோபம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. எங்கள் வீடாவது பளிச்சென்று நாலு பேர் கண்ணில் படட்டும் என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரே ஒரு வீடு. அந்த வீட்டுக்காரரைச் சின்னப் பிள்ளையில் மாமா என்று கூப்பிட்டு அவர் தோளில் தொங்கியிருக்கிறேன். அப்பா மாடி எடுத்ததோடு அது முடிந்தது. அவர் முற்றத்திலிருந்து பார்த்தால் கோபுரத்துச் சிலுவை தெரியும். மாடி எழும்பியதும் அது மறைந்துபோயிற்று. “நான் விடிஞ்சா சிலுவையில முழிக்கிற ஆளு. இனி உம்ம செவத்துல முழிக்கணுமா வே?” என்று அப்பாவைக் கேட்டார். அப்பா மாடியை இடிக்கவில்லை. அன்றிலிருந்து ஒன்பது வருடம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. அப்பா இறந்தபோது கல்லறைத் தோட்டம்வரை வந்தார், மண் போட்டார், யாரிடமும் ஒரு சொல் பேசாமல் திரும்பிப் போனார்.

கொடியேற்றத்துக்கு முன்னால் அந்த மாடிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது அப்பாவின் வேலை. அப்பாவுக்குப் பிறகு அண்ணன். வீட்டின் மற்ற சுவரெல்லாம் காரை பெயர்ந்து கிடந்தாலும் கடலைப் பார்த்த அந்தச் சுவர் மட்டும் வெள்ளைவெளேரென்று இருக்கும். கிறுக்குத்தனம் என்றுதான் நானும் அண்ணன் மனைவி மைனியும் சிரிப்போம். இந்த வருடம் அண்ணன் தங்கல் போயிருந்தான். இரண்டு மூன்று நாள் கடலிலேயே கிடந்து தூண்டில் போட்டுவிட்டு வருவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அவனும் இன்னும் மூன்று பேரும் ஒரு வள்ளத்தில். அவன் வருவதற்குள் அடித்து முடித்து அசத்திவிட வேண்டும் என்பது என் திட்டம்.

அவன் போன மறுநாள் கடல் சீற்றம் என்று கோயில் மைக்கில் அறிவித்தார்கள். ஒரு வள்ளமும் இறங்கவில்லை. ஆண்களெல்லாம் வீட்டோடு இருந்தார்கள். முன்வீட்டு மாமா முற்றத்தில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பெயிண்டர் சாரத்தில் நின்று நீலம் இழுத்த இரண்டு நாளும் அவர் தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்ப்பதும் குனிவதுமாக இருந்தார். ஒருதரம் எழுந்து எங்கள் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனார். “வயித்தெரிச்சல்” என்று மைனியிடம் சொன்னேன். அவர் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

நீலம் அடித்து முடித்த மறுநாள் மதியத்துக்குப் பிறகு வானம் இருட்டி மழை பிடித்தது. நாலு மணி இருக்கும், மைனியின் செல்லுக்கு அண்ணன் கூப்பிட்டான். கரை கிட்டத்தில் வந்துவிட்டோம், எண்ணெய் தீரப்போகிறது, வேறு துறைக்குப் போக வழியில்லை, இங்கேயேதான் ஏறவேண்டும் என்றான். அதோடு தொடர்பு அறுந்துபோயிற்று. மைனி திருப்பித் திருப்பிக் கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் நனைந்துகொண்டே கடற்கரைக்கு ஓடினோம்.

எங்கள் கரைக்கு நேரே கடலுக்குள் இரண்டு பாறைத் திட்டு கிடக்கிறது. நடுவில் ஒரு வழி. இரண்டு வள்ளம் ஒருசேர நுழைய முடியாத வழி. சாதாரண நாளில் பாறை மேல் நுரை தெரியும், பார்த்து வந்துவிடலாம். அன்று கடல் முழுக்க நுரையாக இருந்தது. அண்ணனிடம் ஜிபிஎஸ் உண்டு. ஆனால் ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கிற அந்தக் கருவி, கடைசிப் பத்தடிக்கு உதவாது என்று அவனே சொல்லியிருக்கிறான்.

நாங்கள் போகும்போதே ஊர் கூடிவிட்டது. மழைத் திரைக்கு அந்தப்பக்கம் வள்ளம் தெரிந்தது. வந்த வேகத்தில் திரும்பிற்று. தெற்கே கொஞ்சம் ஓடிற்று, மறுபடி வடக்கே வந்தது. கண் தெரியாத ஆள் கதவைத் தடவுவது மாதிரி இருந்தது. ஏன் உள்ளே வரமாட்டேன் என்கிறான் என்று ஒருவர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. மைனி மணலில் முட்டிபோட்டுவிட்டாள். எனக்கு ஜெபம் வாயில் வரவில்லை.

அப்போது என் பக்கத்தில் வந்து நின்றார் முன்வீட்டு மாமா. ஒன்பது வருடத்துக்குப் பிறகு என்னிடம் பேசினார்.

“ஏ பிள்ள, ஒங்கண்ணன் ஒங்க செவரத் தேடுதான். சிலுவ அந்த வெள்ளச் செவத்துக்கு நேர் மேல வந்து நிக்கணும். அப்பந்தான் வழிக்கு நேரா வள்ளம் நிக்குதுண்ணு அர்த்தம். இப்பம் செவரு வானத்தோட வானமாப் போச்சு.”

நான் திரும்பிப் பார்த்தேன். மழை மூட்டத்தில் கோபுரம் தெரிந்தது, சிலுவை தெரிந்தது. அதற்குக் கீழே எங்கள் மாடி இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. வெள்ளைத் துணி வேண்டும் என்று கத்திக்கொண்டே ஓடினேன். எங்கள் வீட்டில் இருந்ததெல்லாம் நான் நெல்லையிலிருந்து வாங்கி வந்த பூப்போட்ட விரிப்புகள். பக்கத்து வீடுகளிலிருந்து வேட்டி வந்தது. ஒருத்தி திருநாளுக்கு எடுத்து வைத்திருந்த புது வேட்டியை மடிப்புக் கலைக்காமல் கொண்டுவந்தாள். கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை பீடத்து விரிப்பையே உருவிக்கொண்டு வந்தார். இரட்டை இரட்டையாக மடித்து மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து தொங்கவிட்டோம். காற்று ஒரே தூக்காகத் தூக்கி எங்கள் முகத்திலேயே அடித்தது. எட்டுப் பெண்கள் பிடித்தும் நிற்கவில்லை.

பின்னாலேயே வந்த மாமா கீழே அவர் முற்றத்தில் வலையை இழுத்துப் போட்டார். அந்த இரண்டு நாளும் உட்கார்ந்து பொத்தின அதே வலை. கத்தியை எடுத்து, அடியில் ஈயக்கட்டி கோத்த கயிற்றை நீளத்துக்கு அறுத்தார். அதைத் தோளில் சுமந்து எங்கள் மாடிப்படி ஏறிவந்தார். மூச்சு வாங்க, “கீழ்விளிம்புல சுத்திக் கெட்டு” என்றார். நாங்கள் கட்டினோம். ஈயத்தின் கனத்தில் துணி சுவரோடு படிந்து நின்றது.

பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. அந்த நேரம்தான் கொடுமை. வள்ளம் தெற்குப் பாறைப் பக்கம் ஒதுங்கிக்கொண்டே போனது. ஒரு அலை அதைத் தூக்கியபோது அடிப்பலகைவரை தெரிந்தது. பார்த்துவிட்டானா, இல்லையா? ‘அண்ணே, இங்க பாரு’ என்று மனசுக்குள் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். மாமா கைப்பிடிச் சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

வள்ளத்தின் மூக்கு மெல்லத் திரும்பிற்று. எங்கள் பக்கம் நேராக வந்து ஒரு கணம் நின்றது. “கண்டுட்டான்” என்றார் மாமா. ஒரு பெரிய அலைக்கு வழிவிட்டு, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு, இரண்டு நுரைக்கும் நடுவே உள்ளே வந்தான். கரையில் நின்ற ஆண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வள்ளத்தைப் பிடித்தார்கள்.

வீட்டுக்கு வந்த அண்ணன் தலைகூடத் துவட்டவில்லை. “யாரக் கேட்டு ஏட்டி நீலம் அடிச்ச?” என்றான். பயம் முழுக்க எனக்கு ஆத்திரமாக மாறிவிட்டது. எங்களிடம் யார் சொன்னார்கள், கடலடையாளத்தைப் பெண்களிடம் சொன்னால் என்ன குறைந்துபோகும், அப்பாவும் நீயும் வாயில் என்ன வைத்திருந்தீர்கள் என்று கொட்டித் தீர்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மாமா வாசலிலேயே நின்றிருந்தார். மைனி உள்ளே கூப்பிட்டுக் கடுங்காப்பி கொடுத்தாள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாரே தவிரக் குடிக்கவில்லை.

“அவள ஏசாத வே. மத்தவங்களுக்கு வேற வேற அடையாளம் உண்டு, நானும் ஒன்பது வருசமா இந்தச் செவரப் பாத்துத்தான் கரையேறுதேன். அவ நீலம் அடிக்கதப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சொல்லணும்ணு வாசல்வர வந்தேன். பேச்சில்லாத வீட்டுல எப்படிப் பேசன்னு திரும்பிட்டேன்.”

எனக்கு அவர் மேல் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவர் வாசல்வரை வந்ததை நானும் பார்த்தவள்தானே. ‘என்ன மாமா’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வயிற்றெரிச்சல் என்று சொல்ல மட்டும் எனக்கு வாய் இருந்தது.

மறுநாள் காலையில் நானே சாரத்தில் ஏறினேன். நீலம் மறைய மூன்று பூச்சு ஆனது. இப்போது ஒவ்வொரு வருடமும் அந்தச் சுவர் என் வேலை. மாமா முற்றத்தில் வலையோடு உட்கார்ந்து, தலையை நிமிர்த்தாமலேயே, “தெக்கு மூலைல விட்டுப்போச்சு பாரு பிள்ள” என்பார். விட்டுப்போயிருக்காது. இருந்தாலும் நான் அங்கே இன்னொரு தரம் சுண்ணாம்பு மட்டையை இழுப்பேன்.