சப்பாத்துக்குள் வெள்ளை மணல்

வெளியே போக வாசல் படலையைத் திறக்கிற ஆளிடம் எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது. எங்கள் வீட்டில் இது சட்டம். கேட்டால் போகிற காரியம் உருப்படாது என்பது ஊரெல்லாம் உள்ள நம்பிக்கைதான். மற்ற வீடுகளில் முகத்தைச் சுளிப்பதோடு விட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் அப்படி விடமுடியாது. சில வருடங்களுக்கு முன்பு ஒரு காலையில், சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளிக்கிட்ட அண்ணியை அண்ணை மறந்துபோய்க் கேட்டுவிட்டார்: "எங்கை போறாய்?" அச்சுவேலிச் சந்தைக்கு என்று சொல்லிவிட்டுப் போன அண்ணி திரும்பி வரவில்லை. சந்தைக்குக் கிட்ட ஒரு லொறி. அன்றிலிருந்து அண்ணை ஒருவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

இப்போது வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அண்ணைக்கு அறுபது, தங்கச்சி எனக்கு ஐம்பது. அவர் புத்தூரில் வெங்காயம் போடுகிறார். நான் ஓர் அலுவலகத்தில் கோப்புகளோடு மாரடிக்கிறேன். கலியாணம் சரிவரவில்லை, அதை விடுங்கள். சொல்ல வந்தது வேறு. எனக்கு ஓரிடத்தில் இருக்க ஏலாது. லீவு நாளென்றால் கூட்டின முற்றத்தையே இன்னொருமுறை கூட்டுவேன். துவைத்த துணியை நனைத்துத் துவைப்பேன். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். கேட்பதற்கு ஆளில்லாதது நல்ல வசதி என்று நினைப்பேன். பஸ் வல்லைவெளியைத் தாண்டும்போதே எரிச்சல் வந்துவிடும். இந்த மனுசனுக்கு நான் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று!

போன பங்குனியில் ஒரு சனிக்கிழமை அப்படித்தான் வெளிக்கிட்டேன். பழைய கன்வஸ் சப்பாத்து, ஓலைத் தொப்பி, இரண்டு போத்தல் தண்ணீர், பாணும் சம்பலும். அண்ணை கிணற்றடியில் மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என் காலைப் பார்த்தார், திரும்பவும் குனிந்துகொண்டார். "அண்ணை, போட்டு வாறன்" என்றேன். "ஓம்" என்றார். அவ்வளவுதான். பருத்தித்துறையில் பஸ் மாறி மணற்காட்டில் இறங்கும்வரை அந்த "ஓம்" என் காதுக்குள் கிடந்து உறுத்தியது.

மணற்காட்டுக்கு நான் அதற்குமுன் நாலைந்து தடவை தனியே போயிருக்கிறேன். அங்கே மேடு மேடாக வெள்ளை மணல்தான். ஒரு பக்கம் சவுக்கு, மறுபக்கம் கடல், நடுவில் ஒரு மரம்கூட இல்லை. பங்குனியில்தான் நாகதாளிக் கள்ளி பூக்கும். முள்ளைத் தவிர ஒன்றுமில்லாத அந்தச் சதைத் தட்டின் விளிம்பில் மஞ்சளாக ஒரு பூ, பக்கத்திலேயே கத்தரிப்பூ நிறத்தில் பழம். அதைப் பார்க்கத்தான் பஸ் மாறிப் போவது. பார்த்தால் மனம் ஆறும் என்று நினைப்பேன். ஆறாது. ஒரு பற்றையைப் பார்த்தால் அடுத்த மேட்டுக்கு அப்பால் இன்னும் நல்லதாக இருக்கும் என்று கால் இழுக்கும்.

ஒரு பழத்தை மணலில் உருட்டி, தூசிபோல் ஒட்டியிருக்கிற முள்ளுச் சுணையைப் போக்கிக் கடித்தேன். சரியாகப் போகவில்லை, உதடெல்லாம் சுணை. எனக்குப் பொறுமை கிடையாது, வேறென்ன. துப்பிக்கொண்டு நின்றபோது தலைக்குமேலே ஆட்காட்டிக் குருவி இரண்டு கத்தத் தொடங்கின. எங்கேயோ முட்டை இருக்கவேண்டும். போ, போ என்று என்னைக் கலைத்தன. "சரி, போறன் போ" என்று அவற்றோடும் சண்டை பிடித்தேன். பற்றையடியில் ஓர் உடும்பு, நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டு, இவளோடு எதற்குக் கதை என்பதுபோல் உள்ளே போய்விட்டது.

பத்து மணிபோல நரியைக் கண்டேன். மேட்டின் உச்சியில் நின்று என்னையே பார்த்தது. மெலிந்த நரி, வால் மட்டும் நல்ல சடை. நான் அசைய, அது திரும்பி மெல்ல நடந்தது. எனக்கு அது போதும். நான் நடந்துவந்த மாட்டுத்தடத்தை விட்டுவிட்டு அதன் பின்னால் போனேன். ஒரு மேடு, ஒரு பள்ளம், இன்னொரு மேடு. நரி எங்கே போகிறது என்று தெரியாமல் வீடு திரும்பினால் எனக்கு அன்றைக்கு நித்திரை வராது. பள்ளமொன்றில் ஓடி இறங்கினேன். மணலுக்குள் காய்ந்த நாகதாளித் தட்டு புதைந்து கிடந்திருக்கிறது. சப்பாத்தின் அடியைத் துளைத்து முள் வலது பாதத்தில் ஏறியது. "ஐயோ அம்மா!" என்று விழுந்து, சப்பாத்தைப் பிடித்து இழுத்ததில் முள் உள்ளேயே முறிந்துவிட்டது.

அரைமணித்தியாலத்தில் பாதம் பணியாரம்போல் பொங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தேன். காற்று என் காலடிகளை முழுக்க மூடியிருந்தது. எல்லா மேடும் ஒரே மேடாகத் தெரிந்தது. அண்ணைக்கு மூன்று தரம் போன் எடுத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. தோட்டத்துக்குப் போகும்போது போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிற மனுசன். வேறு யாருக்காவது எடுப்போம் என்று பெயர்களைத் தேடும்போதே சார்ஜ் இறங்கிப் போன் செத்துப்போனது.

அப்போதுதான் பயம் பிடித்தது. நான் இங்கே இருப்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. இரவானாலும் எங்கே தேடுவது என்று அண்ணைக்குத் தெரியாது. கேட்காத அவரைத் திட்டினேன். கேட்காவிட்டால் என்ன, சொல்லியிருக்கலாமே என்று என்னையும் திட்டினேன். உரக்கத்தான் திட்டினேன், ஆட்காட்டி மட்டும் பதில் சொன்னது. அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அழுதேன்.

கடல் இரைகிற பக்கமாக நொண்டி நொண்டி, சில இடங்களில் மணலில் இருந்தபடியே நகர்ந்து, கரைக்கு வந்தேன். ஒரு மீன் வாடி, நாலு கம்பும் ஓலையும். அங்கே கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் கழுத்தில் செபமாலையோடு எழுந்து ஓடிவந்தார்.

"என்னக்கா இது! எங்கையிருந்து வாறியள்? ஆரோடை வந்தனீங்கள்? எங்கை போகப்போறியள்?"

ஒரு மூச்சில் மூன்று கேள்வி! அவரைக் கும்பிடலாம்போல் இருந்தது. நிழலில் இருத்தி, தண்ணீர் தந்து, ஊசியை நெருப்பில் காட்டி முள்ளை எடுத்தார். ஒரு விரல்கணு நீளம். "வீட்டு நம்பரைச் சொல்லுங்கோ, அடிப்பம்" என்று அவர் போனை எடுக்க, கரையோரமாக ஒரு மோட்டார் சைக்கிள் மணலில் புதைந்து புதைந்து வந்தது. அண்ணை! கட்டியிருந்த சாரத்தில் தோட்டத்துச் செம்மண் சேறு அப்படியே காய்ந்திருந்தது.

அவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தவில்லை, அதைச் சரியவிட்டுவிட்டு வந்தார். என் காலைப் பார்த்தார்.

"இஞ்சை எண்டு எப்பிடியண்ணை தெரியும்?"

"நீ வந்து கழட்டிப்போட்டாப் பிறகு சப்பாத்தைத் தட்டி வைக்கிறது நான்தானே. உள்ளுக்கை வெள்ளை மணல். எங்கடை பக்கம் முழுக்கச் செம்மண், உப்பிடி மணல் இஞ்சாலைதான் கிடக்கு." சரிந்து கிடந்த மோட்டார் சைக்கிளை நிமிர்த்தினார். "போன் மூண்டுதரம் அடிச்சுக் கிடந்தது. திருப்பி எடுத்தா உன்ரை போன் நிப்பாட்டிக் கிடக்கு. பஸ்தரிப்பிலையிருந்து ஒவ்வொருத்தராக் கேட்டுக் கேட்டு வாறன்."

கேட்காத மனுசன் மணற்காடு முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். இத்தனை நாளும் என் சப்பாத்தை நானே தட்டி வைப்பதாக நினைத்திருந்தேனா? நினைக்கவே இல்லை, காலையில் அது சுத்தமாக இருக்கும், போட்டுக்கொண்டு போவேன். எனக்கு என்மீதே ஆத்திரம் வந்தது.

கால் ஆற மூன்று கிழமை எடுத்தது. அந்த மூன்று கிழமையும் வீட்டில் நான் இருந்த இருப்பை அண்ணைதான் சொல்லவேண்டும். நாலாம் கிழமை சனிக்கிழமை பையை எடுத்தேன். புதுச் சப்பாத்து, தடித்த அடி, அண்ணை வாங்கி வைத்தது. படலையில் கை வைத்தேன். பின்னால் மண்வெட்டியை நிலத்தில் வைக்கிற சத்தம் கேட்டது.

"எங்கை போறாய்?"

திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் மண்வெட்டிப் பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மணற்காட்டுக்கு அண்ணை. நாலு மணி பஸ்ஸிலை வந்திடுவன்" என்றேன். "ஓம்" என்றார்.

அன்றைக்கு எனக்கு நடக்கவே முடியவில்லை. காலில் நோவு இல்லை. நாகதாளி போனமுறையைவிட நிறையப் பூத்திருந்தது, நான் மணிக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மேடு ஏறினேன், இறங்கினேன். வந்த பஸ்ஸிலேயே திரும்பி ஏறினேன். வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பியபோது பன்னிரண்டுகூட ஆகவில்லை. அண்ணை படலைக்கு வெளியே, வெயிலில், றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். மண்வெட்டி காலையில் வைத்த இடத்திலேயே கிடந்தது. வெங்காயத்துக்கு அன்றைக்குத் தண்ணீர் இறைக்கவே இல்லை.