தோற்றுக் கொடுக்கவும் ஆள் உண்டு

அடுத்தவர் ஆட வேண்டிய ஆட்டத்தை அவருக்குப் பதிலாக உட்கார்ந்து ஆடிக் கொடுப்பது என் தொழில். பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், மருந்து தெளிக்கும் மெஷின் விற்கும் கடையின் மாடியில், இரண்டு மேசையும் நான்கு போனும் ஒரு மின்விசிறியுமாக அது நடக்கிறது. துணி துவைக்க ஆள் வைக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வைக்கிறார்கள். சந்தோஷமான காரியத்துக்கு யாரும் ஆள் வைப்பதில்லை. அல்வா தின்ன ஆள் வைத்தவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. ஆகவே என் மாடிப்படியில் ஒருவர் ஏறி வருகிறார் என்றால், விளையாட்டு அவருக்கு எந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நூறு பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிப்பார்கள். துப்பாக்கி பொறுக்குவார்கள். பாதுகாப்பான வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். கடைசியில் மிஞ்சுகிறவர் ஜெயித்தவர். ஜெயித்தால் ரேங்க் ஏறும், தோற்றால் இறங்கும். கோல்டில் இருப்பவர் டைமண்டுக்கு ஏங்குவார். டைமண்டில் இருப்பவருக்கு, இறங்கிவிடுவோமோ என்ற நினைப்பில் சோறு இறங்காது. ஐடியையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால் நான் ஏற்றித் தருவேன். இது அந்த விளையாட்டின் விதிகளுக்கு விரோதம் என்று எனக்கும் தெரியும், என்னிடம் வருகிறவர்களுக்கும் தெரியும். தோற்ற கோபத்தில் போனைச் சுவரை நோக்கி ஓங்கி, தவணை நினைவுக்கு வந்து தலையணையில் எறிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நாம் சொந்தக்காரர்கள்.

ரத்த அழுத்தம்

குரும்பலூர்ப் பக்கம் மக்காச்சோள மண்டி வைத்திருப்பவர் ஒருவர் என் பழைய வாடிக்கையாளர். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, மனதுக்குப் பிடித்ததாக ஏதாவது செய்து கொஞ்சம் இளைப்பாறுங்கள் என்று டாக்டர் அவரிடம் சொல்லியிருக்கிறார். கல்லூரியில் படிக்கும் மகள் இந்த ஆட்டத்தைப் போனில் ஏற்றிக் கொடுத்தாள். இளைப்பாறத் தொடங்கிய பிறகு ஒரு மாத்திரை இரண்டானது. அப்புறம்தான் என்னிடம் வந்தார். நான் ஆடுவது, அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது என்று ஏற்பாடு.

பார்ப்பது அவரைப் பொறுத்தவரை உட்கார்ந்து செய்யும் காரியமல்ல. 'பின்னாடி ஆளு, பின்னாடி ஆளு' என்று எழுந்துவிடுவார். நான் சுடப்பட்டால் தன் தோளைத் தடவிக்கொள்வார். மணிக்கட்டில் கட்டும் பிரஷர் மெஷின் ஒன்றை மஞ்சப் பையில் கொண்டுவந்து, ஆட்டம் முடிந்ததும் கட்டிப் பார்ப்பார். ஒருநாள் கடைசி வட்டம் வரை இழுத்துக்கொண்டு போய் ஜெயித்துக் கொடுத்தேன். அவர் மெஷினைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, நான் ஆடித் தோத்தா நூத்தி அறுவது காட்டுது. நீ ஆடி ஜெயிச்சா நூத்தி எழுவது காட்டுது. டாக்டருகிட்ட போயி நான் என்னத்தைன்னு சொல்றது?"

விளக்கு வைக்கும் நேரம்

லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஜன்னத் என்ற பெண் வந்தார். கணவர் ஹக்கீம் குவைத்தில் ஒரு பெரிய மளிகைக் கடையில் ஸ்டோர் பார்க்கிறார். அங்கே பிற்பகலில் வேலைக்கு இடைவேளை. அஸர் தொழுதுவிட்டு அறைக்கு வந்து படுப்பார். இங்கே அது விளக்கு வைக்கும் நேரம். அந்த ஒரு மணி நேரம் இருவரும் ஒரே அணியாக இந்த ஆட்டத்தை ஆடுவார்கள். போனிலேயே பேசிவிடலாமே என்று கேட்டேன். "போன்ல என்னண்ணே பேசுறது? சாப்டியா, சாப்டேன். புள்ள என்ன செய்யுது, எழுதுது. அதோட தீந்துருது. கேம்ல சேந்து நடந்துகிட்டே இருந்தா பேச்சு தானா வருது" என்றார்.

ஹக்கீம் தனியாகவும் ஆடி டைமண்டுக்குப் போய்விட்டார். ஜன்னத் கோல்டிலேயே நின்றார். இவ்வளவு வித்தியாசம் இருந்தால் ரேங்க் ஆட்டத்தில் ஒரே அணியாகச் சேர முடியாது. ரேங்க் இல்லாத சாதா ஆட்டம் ஒன்று உண்டு, யாரும் யாரோடும் சேரலாம். ஆனால் டைமண்டுக்காரர்கள் அதில் தலைகாட்டுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பார்கள். ஹக்கீம் முகம் தெரியாத மூன்று பேரோடு சேர்ந்துகொண்டார். விளக்கு வைக்கும் நேரத்தில் ஜன்னத்துக்கு அழைப்பு வருவது நின்றுபோனது. தன் ஐடியை டைமண்டுக்கு ஏற்றித் தர வேண்டும், ஆள் வைத்து ஏற்றியது என்று கணவருக்குத் தெரியக் கூடாது என்றார். படி இறங்கும்போது திரும்பிச் சொன்னார்: "பாஸ்போர்ட்டு, விசா எல்லாம் குவைத்துக்குப் போறதுக்குத்தான் கேப்பாங்கன்னு நெனச்சேன். எங்க வூட்டுக்காரரோட கேம் ஆடவும் கேக்குறாங்கண்ணே."

பேசாத மனைவி

அடுத்தவர் ஐடியில் இருக்கும்போது மைக்கைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் ஒரே ஒழுக்கம். அழைப்பு வந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒழுக்கம் எதுவும் வகுக்கப்படவில்லை. ஜன்னத்தின் ஐடியை டைமண்டில் கொண்டுபோய் வைத்த அன்று, அதிலிருந்து வெளியே வருவதற்குள் ஹக்கீம் அழைத்துவிட்டார். மறுத்தால் மனைவி கோபமாக இருப்பதாக நினைப்பாரே என்று ஏற்றுக்கொண்டேன். "ஜன்னத், மைக்குக்கு என்ன ஆச்சு?" என்றது குரல். நான் பேசவில்லை. "சரி, அம்மா பக்கத்துல இருக்கு போல" என்று அவரே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டார்.

அதன்பின் ஆட்டம் முடியும்வரை நான் அவர் மனைவியாக இருந்தேன். இடதுபுறம் போனால் ஏன் அங்கே போனாய். நின்றால் ஏன் நிற்கிறாய். மருந்தை எடுத்தால் அது எனக்கு வேண்டும், எடுக்காவிட்டால் கண் தெரியவில்லையா. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, ஆனால் அன்று ஓரளவு ஆனது. ஒரு கட்டத்தில் எரிச்சல் தாங்காமல், எதிரே வந்த மூன்று பேரை அடுத்தடுத்துச் சாய்த்து ஆட்டத்தை முடித்துவிட்டேன்.  ஹக்கீம் கனிந்த குரலில் சொன்னார்: "நீ பேசாம ஆடினா எவ்ளோ நல்லா ஆடுற, ஜன்னத்."

சங்கு

என்னோடு இரண்டாவது மேசையில் இருந்தவன் அருள், வரதராஜன்பேட்டைக்காரன். கை என்னைவிட வேகம். ஆனால் ஆட்டத்தை அணைத்த பிறகும் அவனுக்குள் அது அணையாது. பஸ் ஹாரன் அடித்தால் குனிவான். டீக்கடையில் யாராவது தகர டின்னைக் கீழே போட்டால் சுவரோரம் ஒதுங்குவான். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டு, அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். பாறைக்கு வெடி வைக்கும் இடம். போய்ப் பார்த்தேன். உடம்பெல்லாம் வெள்ளைப் புழுதி, ஆனால் முகம் தெளிந்து கன்னத்தில் சதை வைத்திருந்தது. வெடிச்சத்தம் பயமாக இல்லையா என்று கேட்டேன். "இங்க வெடிக்கிறதுக்கு முன்னாடி சங்கு ஊதுறாங்கண்ணே. ஊதுனா ஒதுங்கி நின்னுக்கலாம். அங்க நமக்கு யாரு ஊதுனா?"

காலடிச் சத்தம்

சில வாரம் கழித்து ஜன்னத் மறுபடி வந்தார். நன்றி சொல்ல வந்திருப்பார் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். ரேங்க் சரியாகிவிட்டது, விளக்கு வைக்கும் நேரத்துக்கு அழைப்பும் தவறாமல் வருகிறது. ஆனால் டைமண்டில் பேச முடியவில்லை. குனி, ஓடு, சுடு, ஏன் சுடவில்லை. அவ்வளவுதான் பேச்சு. மகளுக்கு முதல் பல் விழுந்ததைச் சொல்ல வாயெடுத்திருக்கிறார். காலடிச் சத்தம் கேட்கிறது, வாயை மூடு என்றிருக்கிறார் ஹக்கீம். போதாததற்கு, ஆட்டம் தோற்கும்போதெல்லாம் அன்றைக்கு ஆடிய மாதிரி ஆடு என்று வேறு. "அன்னைக்கி ஆடுனது நீங்க. இப்ப நான் என்னோடயே போட்டி போட்டு நானே தோத்துகிட்டு கெடக்கேன்" என்றார் ஜன்னத்.

ஐடியைக் கீழே இறக்கித் தர வேண்டும் என்பதுதான் இப்போது கோரிக்கை. கோல்டுக்குக் கீழே, சில்வருக்கும் கீழே, அடிமட்டத்துக்கு. அப்புறம் ஹக்கீமுக்கு மனைவி வேண்டுமென்றால் சாதா ஆட்டத்துக்குத்தான் வந்தாக வேண்டும். போன தடவை கீழே இருந்தபோது அவர் வரவில்லையே என்று கேட்டேன். "அப்ப ஏற முடியாம கெடந்தேன். இப்ப ஏறிட்டு எறங்குறேன்ல. ஏன்னு கேப்பாரு, சொல்லுவேன்" என்றார். அப்படியும் வராவிட்டால் என்று இழுத்தேன். அவர் போனை என் பக்கம் தள்ளினார். "வரலைன்னா அவருக்கு டைமண்டுதான் வேணும்னு தெரிஞ்சிரும். அதையும் தெரிஞ்சுக்கறேன், எறக்குங்கண்ணே."

தோற்கும் வேலை

இத்தனை வருடத்தில் தோற்கச் சொல்லி யாரும் என்னிடம் வந்ததில்லை. சுலபமான வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன். கை கேட்கவில்லை. எதிரே ஆள் தெரிந்தால் விரல் தானாகச் சுட்டுவிடுகிறது. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, குதித்த இடத்திலேயே நின்றேன். அன்று வட்டம் அந்த இடத்தை விட்டு விலகவில்லை, யாரும் அந்தப் பக்கம் வரவும் இல்லை. மற்றவர்கள் ஒருவரையொருவர் சுட்டுத் தீர்த்ததில் கடைசிச் சிலரில் ஒருவனாகி, ரேங்க் மேலும் ஏறிவிட்டது. பிறகு துப்பாக்கியை எடுக்காமல் திறந்தவெளியில் நடப்பது என்று முடிவு செய்தேன். நடந்தபோதுதான் அந்தத் தீவைப் பார்த்தேன். ஒரு ஆறு ஓடுகிறது. ஆற்றின்மேல் ரயில் பாலம். பாலத்துக்கு அப்பால் மஞ்சள் பூத்த வயல். மரங்களை ஒளிந்துகொள்ளும் இடமாக மட்டுமே தெரிந்துவைத்திருந்தேன், அவற்றுக்கு நிழலும் இருந்தது. ஒருவன் துப்பாக்கியோடு எதிரே வந்தான். நான் நின்றேன், அவனும் நின்றான். நான் ஒரு குதி குதித்தேன், அவனும் குதித்தான். பிறகு சுட்டான். எனக்குக் கோபமே வரவில்லை.

மண்டிக்காரர் எப்போது வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார் என்று தெரியாது. ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. நான் அடுத்தடுத்து நான்கைந்து ஆட்டம் தோற்று நிமிர்ந்தபோது மணிக்கட்டில் மெஷினைக் கட்டிக்கொண்டிருந்தார். அது ஊதி அடங்கும்வரை காத்திருந்து, எண்ணைப் பார்த்துவிட்டு என் பக்கம் திருப்பிக் காட்டினார். "நூத்தி முப்பது. தம்பி, நீ தோக்குறது பாக்க நல்லா இருக்கு. இனிமே எனக்கும் இதையே ஆடு."

செத்த பிறகு

ஐடியை அடிமட்டத்தில் இறக்கிவைத்த பிறகு ஜன்னத்திடமிருந்து தகவல் இல்லை. நானாகக் கூப்பிட்டுக் கேட்கவும் தயக்கமாக இருந்தது. வேறு ஐடிகளில் ஆடும்போதுகூட, விளக்கு வைக்கும் நேரமானால் ஒரு ஆட்டத்தையாவது கோட்டை விட்டேன். மண்டிக்காரருக்கு மட்டும் அதில் திருப்தி.

ஒரு வெள்ளிக்கிழமை ஜன்னத்தே போன் செய்தார். ஐடியை யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் ஹக்கீம் முதலில் நினைத்திருக்கிறார். இல்லை, நானே ஆள் வைத்து ஏறினேன், மேலே பேச முடியவில்லை என்று நானே ஆள் வைத்து இறங்கினேன் என்று ஜன்னத் எழுதி அனுப்பியிருக்கிறார். அன்றைக்குக் கூடவே ஆடியது யார் என்பதையும் மறைக்கவில்லை. பதில் இல்லை. அடுத்தடுத்த மாலைகளில் ஹக்கீம் டைமண்டுக்காரர்களோடு ஆடுவது மட்டும் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளியாகத் தெரிந்துகொண்டிருந்தது. போனை அணைக்காமல், எடுக்கவும் செய்யாமல் மகளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார் ஜன்னத். பிறகு ஒரு மாலை அழைப்பு வந்தது. சாதா ஆட்டத்துக்கு. வந்தவர் ஸலாம் சொன்னதோடு சரி, உர்ரென்று கூடவே குதித்திருக்கிறார்.

ஜெயித்தீர்களா என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன். ஜன்னத் சிரித்தார். "எறங்குன ஒடனே ரெண்டு பேரையும் சுட்டுட்டாங்கண்ணே. அவரு அடுத்த ஆட்டம் போடவே இல்ல. மைக்க அணைக்காம, புள்ளைக்கு எந்தப் பல்லு விழுந்துச்சுன்னு கேட்டாரு."

இங்கே தோற்றும் கொடுக்கப்படும் என்று மாடிப்படி ஓரம் ஒரு பலகை எழுதி மாட்டலாமென்று பார்க்கிறேன், ஆனால் அதைப் படித்த பிறகும் ஏறி வருகிறவர் யாராயிருந்தாலும் அவருக்கு அநேகமாக என் உதவி தேவைப்படாது.