பை பிடித்து நின்ற ஞாயிற்றுக்கிழமை

மூன்று வருடங்களுக்கு முன்பு, கோடை விடுமுறை தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது நடந்தது இது. வண்டலூரைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் ராட்டினங்களை வடிவமைப்பது என் வேலை. இரும்புலியூரிலிருந்து தினமும் பைக்கில் போய்வருவேன். அங்கே யாருக்கும் தெரியாத ரகசியம் ஒன்று உண்டு. உயரம் என்றால் எனக்கு உயிர் போய்விடும். எங்கள் வீட்டுப் பரணில் பாத்திரம் எடுக்க மனைவிதான் ஸ்டூலில் ஏறுவாள். நான் கீழே நின்று தைரியம் சொல்வேன்.

"பசங்க ஏறுறது நம்மகிட்ட நெறைய கீது சார். குடும்பமா ஏறுற மாதிரி ஒண்ணு குடுங்க" என்று முதலாளி கேட்டிருந்தார். எட்டு மாதம் உழைத்தேன். நாலு பேர் உட்காரும் தொட்டிகள். மெதுவாக மூன்று மாடி உயரம் போய், ஒரு சுற்றுச் சுற்றி இறங்கும்.

எங்கள் இடத்தில் ஒரு வழக்கம். புது ராட்டினத்தில் முதலில் மணல் மூட்டைகள் சவாரி போகும். அடுத்து, வேலை செய்பவர்களின் குடும்பங்கள். மணல் மூட்டைகள் சமர்த்தாகப் போய்வந்தன. குடும்பங்கள் வந்த ஞாயிற்றுக்கிழமைதான் வினை. எந்தத் தொட்டியைப் பார்த்தாலும் மூன்று பேர். நாலாவது இருக்கை காலி.

"இன்னா சார், எல்லாத்துலயும் ஒரு சீட்டு காத்து வாங்குது? பொம்பளைங்க பயப்படுறாங்க போல. பேசாம வேகத்தை ஏத்தி காலேஜ் பசங்களுக்கு வுட்ருவோம்" என்றார் முதலாளி.

எட்டு மாத உழைப்பும் கண்முன்னே கவிழ்ந்தது. அதே நேரம் பார்த்து எங்கள் குடும்பத்தின் முறையும் வந்தது. மனைவி வழக்கம்போலப் பைகளை அள்ளினாள். "நீங்க பொண்ணுங்களோட ஏறுங்க, நான் பை பாத்துக்கறேன்."

பாய்ந்து பிடுங்கினேன். "இன்னிக்கு நான் பாத்துக்கறேன்! நீ போ!"

"அப்பா, இது உங்க ராட்டினம்பா!" என்றாள் பெரியவள்.

"டிசைன் பண்ணவன் கீழேருந்துதான்மா பாக்கணும்" என்றேன், முகத்தைத் தியாகிபோல வைத்துக்கொண்டு.

கைப்பை, தண்ணீர் பாட்டில், புளிசாதத் தூக்கு, குடை, மூன்று ஜோடிச் செருப்பு. எல்லாவற்றோடும் சுவரோரம் ஒதுங்கினேன். அங்கே ஏற்கெனவே ஏழெட்டுப் பெண்கள், இதே சுமையோடு, நெற்றியில் கை வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாண்ணா, நீங்களும் பை டூட்டியா?" என்றார் எங்கள் வெல்டரின் மனைவி.

"நீங்க ஏறலையாக்கா? பயமா?"

"பயமா, எனக்கா? ஏற ஆசையாத்தான் கீது. இத்தையெல்லாம் யார் கையில குடுக்கறது? எங்க போனாலும் நான்தாண்ணா பை மாட்டுற ஸ்டாண்டு!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேலே என் மனைவி இரண்டு கைகளையும் தூக்கிக் கூவிக்கொண்டிருந்தாள். இருபது வருடத்தில் எத்தனை பொருட்காட்சி போயிருப்போம்! ஒவ்வொன்றிலும் அவள் இந்தச் சுவரோரம்தான். காற்றையும் எடையையும் கணக்குப் போட்ட நான், பையை மறந்துவிட்டேன்.

நேராக முதலாளியிடம் போனேன். "வேகத்தைத் தொடாதீங்க. ஒரு வாரம் குடுங்க."

"சரி, அடுத்த ஞாயித்துக்கெழமை. ஆனா மொத ஆளா நீங்க ஏறணும்."

தலையாட்டிவிட்டேன். நானும் வெல்டரும் ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் மூடியும் தாழ்ப்பாளும் உள்ள பெட்டியைப் பொருத்தினோம். மணல் மூட்டைகள் மறுபடி சவாரி போயின, இந்த முறை தூக்கும் செருப்பும் சகிதமாக.

ஞாயிறன்று ஏறினேன். கம்பியை நான் பிடித்த பிடியில் அதுவே பயந்திருக்கும். என் அலறலைச் சின்னவள் வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள். வீட்டில் நான் கோபப்பட்டால் உடனே அது ஓடும். உச்சியில் மனைவி தோளைத் தட்டினாள். "கண்ணைத் திறந்து கீழ பாருங்க."

ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். சுவரோரம் யாருமே இல்லை. எதிர்த் தொட்டியில் வெல்டரின் மனைவி வெறுங்கையை வீசி எனக்கு டாட்டா காட்டினார்.

இன்றும் ஸ்டூலைப் பார்த்தால் எனக்கு நடுக்கம்தான். ஆனால் எதை வரைய உட்கார்ந்தாலும், இதில் யார் பையோடு கீழே நிற்கப்போகிறார்கள் என்று பார்க்காமல் முதல் கோட்டைப் போடுவதில்லை.