ஓலையில் இல்லாத பெயர்

எங்கள் கோயிலில் ஒரு கலியாணம் பேசி முடிந்தால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். பூசை முடியும் தறுவாயில் சுவாமியார் ஒரு தாளை விரித்துப் பிடித்து, இன்னாரின் மகனும் இன்னாரின் மகளும் விவாகம் செய்ய இருக்கிறார்கள், இதற்கு விக்கினம் ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று உரத்து வாசிப்பார். விக்கினம் என்றால் தடை. வாசித்து முடித்ததும் ஒரு மூச்சு நேரம் பேசாமல் நிற்பார். அந்த ஒரு மூச்சு நேரத்துக்கு நான் பத்து வயதிலிருந்தே பயந்தேன்.

யாருடைய ஓலை வாசித்தாலும் நான் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். என்னுடைய ஓலை வாசிக்கிற நாளில் யார் எழும்புவார்கள்? முன்வரிசையில் இருக்கிற பெரிய மாமாவா, கோயில் வாசலில் மெழுகுதிரி விற்கிற மனிசியா, பாட்டுக்குழுவில் இருக்கிற அந்தச் சிவப்பு முகக்காரனா? எழும்பி என்ன சொல்வார்கள் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. "சுவாமி, அது காப்பிலியின்ர பெட்டை."

பப்பாவின் முன்னோரை ஆபிரிக்காவிலிருந்து யாரோ ஒரு வெள்ளைக்காரன் கோட்டையில் காவல் நிற்கக் கப்பலில் கொண்டுவந்தான். போர்த்துக்கீசப் பறங்கியனா, ஒல்லாந்தனா, இங்கிலீசுக்காரனா என்று பப்பாவுக்கே நிச்சயமில்லை. தன் சகோதரங்களோடு அவர் பறங்கிப் பாசை பேசுவார். எங்களோடு தமிழ்தான். அம்மா திருகோணமலைத் தமிழ், இதே கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவள். பப்பா கடற்படைத் தளத்தில் கப்பலுக்குப் பெயின்ற் அடித்த காலத்தில் இரண்டு பேரும் விரும்பிக் கட்டினார்கள். அன்றைக்கு எங்களோடு பேச்சை நிறுத்தியவர் அம்மாவின் தமையன், எங்கள் பெரிய மாமா. அதன் பிறகு அவர் எங்கள் படலையைத் திறந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்க மட்டும் கையைக் கூப்பிக்கொண்டு எங்களைக் கடந்து போவார்.

ஊரில் பப்பாவுக்குப் பெயர் கிடையாது. காப்பிலி. அல்லது பெயின்ற்காரக் காப்பிலி. கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்கள் காப்பிலியார் என்று சொல்லிவிட்டுத் தங்கள் மரியாதையைத் தாங்களே மெச்சிக்கொள்வார்கள்.

என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. ஆயர் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார், எல்லாப் பிள்ளைகளும் இரட்டைப் பின்னலோடு வர வேண்டும் என்றார்கள். என் மயிர் பின்னலுக்கு அடங்காது. சிஸ்டர் என்னை மேசைக்கு முன்னால் இருத்தி, அரைப் போத்தல் தேங்காயெண்ணெயை உச்சியில் ஊற்றி, சீப்பைப் போட்டு இழுத்தார். சீப்பு உடைந்தது.

"நிலம் கூட்டுற தும்புத்தடி கொண்டு வரட்டோ, சிஸ்டர்?" என்றாள் பின் வாங்குப் பலகையில் இருந்த ஒருத்தி.

வகுப்பு சிரித்தது. சிஸ்டரும் சிரித்தார். ஆயர் வந்த அன்று என்னைக் குசினியில் கோப்பை கழுவ விட்டார்கள். அடுத்த கிழமை, கடவுள் மனிதனைத் தம்முடைய சாயலாகப் படைத்தார் என்று அதே சிஸ்டர் அதே வகுப்பில் சொல்லித் தந்தார். எந்தச் சாயல் என்று கேட்க எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. அடுத்த தவணை நான் போகவில்லை. இப்போதும் அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தால், கையில் இருப்பதை எறியத் தோன்றுகிறது.

வீட்டிலிருந்து சட்டை தைக்கத் தொடங்கினேன். மாப்பிள்ளை என்னைக் கண்டது அப்படித்தான். தங்கைக்குச் சட்டை வாங்க வந்தவர், வாங்கச் சட்டை இல்லாத நாளிலும் வந்தார். துறைமுக வேலைத்தளத்தில் அவர் இயந்திரம் பூட்டுகிற பிற்றர். வெள்ளைக்காரன் தளத்தை விட்டுப் போன பிறகு பப்பாவுக்கும் அதே இடத்தில்தான் வேலை. எங்கள் கோயில்தான், தமிழ்தான், வீடும் பக்கத்து ஒழுங்கையில்தான். அவருடைய தாய் ஒரு பின்னேரம் வந்து, பெரிய கதிரையில் இருந்து, தேத்தண்ணியை மூடியபடியே வைத்துவிட்டுக் கதைத்தார்.

"பெட்டையில நான் ஒரு குறையும் சொல்லேல்லை. கலியாணத்தண்டு தலையை மட்டும் முக்காட்டுக்குள்ள வடிவா மூடி விடுங்கோ. மற்றது, இந்த ஓலை."

"ஓலைக்கு என்ன?" என்றாள் அம்மா.

"அது ஊர் கேக்க வாசிக்கிறதெல்லோ? தகப்பன்ர பேர் வரும். அது எங்கட பேர் மாதிரியில்லைத்தானே. எனக்கு இன்னும் கட்டிக்குடுக்க ரெண்டு குமர் கிடக்கு, தங்கச்சி. உங்கட தமையன்ர பேரைப் போட்டு, அவற்ற வளர்ப்பு மகள் எண்டு வாசிச்சால் ஒரு கரைச்சலும் இல்லை. நான் அவரோடயும் கதைச்சிட்டன். அவருக்கு ஓம்."

இருபத்திரண்டு வருடம் எங்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காத மனிதருக்கு ஓம்! ஏன் ஓம் சொல்ல மாட்டார்? படலையைத் திறக்காமலே செய்யக்கூடிய உதவி அது.

பப்பா முற்றத்தில் நின்று, மண்ணெண்ணெய்த் துணியால் விரலிடுக்கில் இருந்த பச்சைப் பெயின்ற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் அவருக்குக் கேட்டது.

"அவரிட்டக் கேட்டுச் சொல்லுறன்," என்றாள் அம்மா.

பப்பா மாட்டேன் என்பார், கலியாணம் குழம்பும் என்று நான் பயந்தேன். பிறகு, பப்பா ஓம் என்று விடுவாரோ என்று பயந்தேன். இரண்டு பயத்தையும் வைத்துக்கொண்டு தைத்ததில் ஒரு சட்டைக்குக் கையைப் புறம் மாற்றித் தைத்துவிட்டேன்.

தன் ஓலை வாசிக்கிற பூசைக்குப் பெண் போகக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். வெட்கமாம். முதல் ஞாயிறு நான் வீட்டில் இருந்தேன். பூசை முடிந்ததும் பக்கத்து வீட்டு மாமி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தா.

"ஒருத்தரும் எழும்பேல்லையடி! ஒரு இருமல்கூட இல்லை."

நான் வாசலுக்கு எழும்பி வந்தேன். "எப்பிடி வாசிச்சவர், மாமி?"

"உன்ர மாமான்ர வளர்ப்பு மகள் எண்டு. நல்ல வடிவா வாசிச்சவர். காப்பிலிக் கதையே வரேல்லை, பாரன்!"

எனக்கு நல்ல செய்தி கொண்டுவந்த சந்தோசத்தில் அந்த மனிசி சிரித்தபடி நின்றா. எனக்கு அவவைத் தள்ளி விழுத்த வேண்டும் போலிருந்தது.

பப்பா வந்ததும் கேட்டேன். "சுவாமியிட்ட ஆர் போய்ச் சொன்னது?"

"நான்தான்."

"நீங்களோ?"

"பேர் ஒரு சத்தம், பிள்ளை. ஒரு சத்தத்துக்காக ஆராவது வாழ்க்கையைக் கெடுப்பினமோ? தளத்தில வெள்ளைக்காரன் என்னைப் பிளாக்கி, பிளாக்கி எண்டுதான் கூப்பிட்டவன். நான் அடிச்ச கப்பல் மிதக்கேல்லையோ?"

இரண்டாம் ஞாயிறு நான் வழக்கத்தை உடைத்துக்கொண்டு, முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுப் பெண்கள் பக்கத்தில் கடைசியில் போய் இருந்தேன். பப்பா எப்போதும் இருக்கமாட்டார். கதவடியில், தீர்த்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பார். அந்தக் கதவுக்கு வருடா வருடம் திருவிழாவுக்கு முன் பெயின்ற் அடிப்பவரும் அவர்தான். காப்பிலி அடித்த கதவால் வருவதற்கு ஒருவருக்கும் விக்கினம் இருக்கவில்லை.

சுவாமியார் ஓலையை வாசித்தார். மாமாவின் பெயர் வந்தது. மாமா முன்வரிசையில் தோளை நிமிர்த்திக்கொண்டார். பப்பா தொட்டியில் விரலைத் தொட்டுச் சிலுவை போட்டார். திரும்பவும் தொட்டுப் போட்டார். திரும்பவும். இப்போதுதான் கோயிலுக்குள் வருகிற ஆளைப்போல. ஆண்கள் பக்கத்தில் மாப்பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்ததும் வெளியே மணிக் கம்பத்தடியில் மாப்பிள்ளையைப் பிடித்தேன்.

"நீங்கள் ஒரு வார்த்தை சொல்லேல்லையே."

"கலியாணம் முடியட்டும். பிறகு எல்லாம் சரிவரும். அம்மாவின்ர குணம் உங்களுக்குத் தெரியாதே."

"பப்பாவோட ஒரே இடத்தில எத்தினை வருசம் வேலை செய்யிறீங்கள்?"

"ஆறு வருசம்."

"அவற்ற பேர் என்ன?"

"நான் அங்கிள் எண்டுதானே கூப்பிடுறனான்..." அவர் யோசித்தார். மெய்யாகவே யோசித்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு. என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. தெரிந்திருந்தால் பயத்தில் வீட்டிலேயே நின்றிருப்பேன். சுவாமியார் வாசித்து முடித்து அந்த ஒரு மூச்சு நேரம் நின்றார். இத்தனை வருடம் யார் எழும்புவார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தவள், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. நான் எழும்பி நின்றேன். முழங்கால் வாங்குப் பலகையில் அடித்துக்கொண்டது.

"விக்கினம் இருக்கு, சுவாமி."

முழுக் கோயிலும் திரும்பியது.

"என்ன பிள்ளை இது? உனக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கேல்லையோ?"

"பிடிக்கும்."

ஆண்கள் பக்கத்தில் சிரித்தார்கள். சுவாமியாருக்கு முகம் சிவந்தது. "பிறகு என்ன விக்கினம்?"

"நீங்கள் வாசிச்ச மாதிரி ஒரு பொம்பிளை இல்லை, சுவாமி. மாமாவுக்கு வளர்ப்பு மகள் எண்டு ஒருத்தியும் இல்லை. அவர் என்னை ஒரு நாளும் வளர்க்கேல்லை. இல்லாத ஆளுக்கு எப்பிடிக் கலியாணம் கட்டி வைப்பீங்கள்? என்னை வளர்த்தவர் அங்க, கதவடியில நிக்கிறார்."

சொல்லிவிட்டு வாங்கில் இருந்துவிட்டேன்.

சுவாமியார் தாளை மடித்தார். பிழையாக வாசித்த ஓலை செல்லாது, முதலிலிருந்து வாசிக்க வேண்டும் என்றார். பிழையாம்! எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரே அவர்தான். பப்பாவின் முழுப் பெயரையும் கோயில் புத்தகத்தில் தன் கையால் எழுதியவர். இரண்டு ஞாயிறு தெரியாத பிழை, ஊருக்கு முன்னால் சொன்னதும் தெரிந்துவிட்டது.

என்னை அதிகம் ஏசினது பப்பாதான்.

"உன்னை ஆர் எழும்பச் சொன்னது? இருபத்திரண்டு வருசமா நான் அந்தக் கதவடியில நிண்டது ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பாக்கக் கூடாதெண்டுதான். இண்டைக்கு ஒரு கோயிலே திரும்பிப் பாத்துது!"

இரண்டு நாள் அவர் முற்றத்திலேயே இருந்து சாப்பிட்டார். மாப்பிள்ளையின் தாய், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று ஆள் விட்டார். அம்மா அழுதுகொண்டே அரிசி புடைத்தாள். நான் கெடுத்துவிட்டேன், எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே தைத்தேன். ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. யாரிடம் கேட்பது?

வியாழக்கிழமை பின்னேரம் மாப்பிள்ளை வேலை உடுப்போடு வந்து படலையடியில் நின்றார்.

"சுவாமியிட்டச் சொல்லிப்போட்டு வந்தனான். ஞாயிறு திரும்ப வாசிப்பினம். அங்கிளின்ர பேரோட."

"உங்கட அம்மா?"

"அவ வராட்டிலும் நான் வருவன்."

"இதை மூண்டு கிழமைக்கு முன்னம் சொல்லியிருக்கலாம்."

"ஓம்," என்றார். வேறு ஒரு சாட்டுப்போக்கும் சொல்லவில்லை.

அந்த ஓமுக்காகத்தான் நான் அவரைக் கட்டினேன். அந்த மூன்று கிழமையை நான் இன்னும் மன்னிக்கவில்லை, அது அவருக்கும் தெரியும்.

ஞாயிறு போனேன். இந்த முறை முக்காடு நெற்றிக்கு மேலே இருந்தது. முன் மயிர் இரண்டு பக்கமும் சுருண்டு நின்றது. மாமா பூசைக்கு வரவில்லை. சுவாமியார் தாளை விரித்தார். பப்பாவின் பெயர், பறங்கிப் பெயர், மூன்று துண்டுப் பெயர், நான் பிறந்த பிறகு கோயிலுக்குள் முதல் தடவையாகக் கேட்டது. அந்த ஒரு மூச்சு நேரம் நான் காத்திருந்தேன். ஒருவரும் எழும்பவில்லை. எனக்கு முன்னால் இருந்த இரண்டு பேர் மட்டும் தலையைச் சாய்த்துக் குசுகுசுத்தார்கள்.

"ஆரடி அது? எங்கட கோயிலில அப்பிடி ஒரு ஆளோ?"

"வெளியூராக்கும். மட்டக்களப்பாயிருக்கும்."

"இல்லையடி, பெட்டை காப்பிலியின்ரயெல்லோ... அப்ப அது காப்பிலியின்ர பேரோ?"

"அவனுக்குப் பேர் இருக்குதே?"

எழும்பிச் சண்டை பிடிக்கிறவர்களுக்கு நான் இத்தனை வருடம் பயந்தேன். அவருடைய பெயரே தெரியாதவர்களுக்குப் பயப்பட எனக்குத் தோன்றவேயில்லை. ஞாயிறு தவறாமல் ஒரே கூரைக்குக் கீழே முழங்காலில் நின்றவர்கள். தங்கள் வீட்டு யன்னலுக்கும் அவரைக் கூப்பிட்டுப் பெயின்ற் அடிப்பித்தவர்கள்.

வீட்டுக்குப் போகும்போது பப்பா கடற்கரை வீதி முழுக்க எங்களுக்கு முன்னால் விறுவிறென்று நடந்தார். படலையில் கை வைத்தவர், திறக்காமல் நின்றார்.

"சுவாமி பிழையா வாசிச்சவர்."

"என்ன பிழை, பப்பா?"

"ரெண்டாம் பேரில நடுவில ஒரு 'ரா' இருக்கு. அதை விழுங்கிப்போட்டார்." அவர் தன் பெயரைச் சொன்னார். தகப்பன் வழியில் கேட்ட மாதிரி, 'ரா'வை நீட்டி, தொண்டையில் உருட்டி. அவர் வாயிலிருந்து நான் அதைக் கேட்டது அன்றைக்குத்தான். திரும்பவும் சொன்னார். "இப்பிடி. இதை வாசிக்க ஏலாதோ அந்த மனிசனுக்கு? லத்தீன் வாசிக்கத் தெரியுது!"

"பேர் ஒரு சத்தமெண்டு சொன்னீங்கள்."

"சத்தமெண்டால் ஒழுங்காப் போட வேணும்!" கோபத்தில் படலையில் ஒரு தட்டுத் தட்டினார். "இன்னும் ரெண்டு ஞாயிறு கிடக்கு. நீ போய்ச் சுவாமியிட்டச் சொல்லு."

"நான் ஒருக்கா எழும்பினது போதும். நீங்கள் போய்ச் சொல்லுங்கோ."

பப்பா என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு படலையை விட்டுவிட்டு, அந்த வெயிலில், வந்த வழியே திரும்பி நடந்தார். அம்மா உள்ளே போய் அவருடைய சோற்றை மூடி வைத்தாள்.