கடைசி சைக்கிளின் மணி

"பத்தொம்போது" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, முன்னால் போகிற சைக்கிளின் பின்சக்கரம் வளைவில் மறைகிற வரை நிற்பார் அப்துல் அஹத். அதற்குப் பிறகும் கிளம்பிவிட மாட்டார். புழுதி அடங்க வேண்டும். வந்த வழியை ஒரு தடவை திரும்பிப் பார்க்க வேண்டும். ஹேண்டில்பாரில் இருக்கிற மணியை ஒரு தரம் அடிக்க வேண்டும். எல்லாம் ஆன பிறகுதான் "பிஸ்மில்லா" என்று பெடலில் காலை வைப்பார்.

திருச்சியிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிறு மலையேறப் போகும் சைக்கிள் குழுவில் அவர்தான் கடைசி ஆள். கடைசி ஆள் என்றால் ஓட்டத் தெரியாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். அது ஒரு பொறுப்பு. பஞ்சர் ஆனவன், மூச்சு வாங்குகிறவன், செயின் கழன்றவன் என்று யார் பின்தங்கினாலும் அவருக்கு முன்னால்தான் இருக்க வேண்டும். அவர் யாரையும் தாண்டக் கூடாது. பச்சமலையில் மேட்டையும் காட்டையும் கடந்து, மறுபக்கத்து அடிவார ஏரிக்கரையில் இறங்கும்போது வேன் காத்திருக்கும். இட்லிப் பொட்டலம் ஆளுக்கொன்று. வடை மட்டும் முந்தினவர்களுக்கு. ஆறு வருஷமாக அஹத் அந்த வடையைக் கண்ணால் பார்த்ததில்லை.

வயது ஐம்பத்தேழு. வீடு மரக்கடைப் பக்கம். மன்னார்புரத்தில் பைக்குகளுக்கு சீட் கவர் தைக்கிற கடை. முப்பது வருஷமாக இதே தொழில் என்பதால், புதிதாக ஒருவரைப் பார்த்தால் முகத்தைவிட அவர் உட்காருகிற விதம்தான் முதலில் கண்ணில் படும். "இந்தத் தம்பி எடது பக்கமா சாஞ்சு உக்காருது. நாப்பது வயசுல இடுப்பப் புடிச்சுக்கிட்டு அலையும், பாருங்க" என்பார். குழுவில் பாதிப் பேருக்குக் கேட்காமலேயே சீட்டுக்கு மெத்தை வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார்.

அவர் ஓட்டுவது மகன் ஜைத்தின் சைக்கிள். மகன் தோகாவுக்கு வேலைக்குப் போன அதே மாதத்தில் டாக்டர் சர்க்கரை என்று சொல்லி, தினமும் வியர்க்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். மாடிப்படிக்குக் கீழே சும்மா கிடந்த சைக்கிளை எடுத்துத் துடைத்து, முதல் காரியமாக அதில் ஒரு கேரியர் மாட்டினார். இரண்டாவதாக, பழைய காலத்து இரும்பு மணி. பல ஆயிரம் பெறுமானமுள்ள மலை சைக்கிளில் பால்காரர் மணியா என்று பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பின்னால ஆள் இருக்குன்னு முன்னால போறவனுக்குத் தெரியணும்ல?" என்றார் அவர். வளைவுக்கு ஒரு தரம் அடிப்பார். மேட்டில் திணறுகிறவனுக்கு அந்தச் சத்தம் கேட்டால் சைக்கிளைத் திருப்புகிற எண்ணம் போய்விடும்.

கேரியரில் பம்ப், ட்யூப், பேரீச்சம்பழம், இரண்டு பாட்டில் தண்ணீர், பாதி தேய்ந்த ஒரு விளக்குமாறு. விளக்குமாற்றுக்கு ஒரு கதை உண்டு. குழுவின் தலைவர் ரெஜிஸ், காட்டூர்க்காரர், திருவெறும்பூரில் தொழிற்சாலை வேலை. முதல் நாளே மலைக்குப் போய், பாதை பிரிகிற இடங்களில் கோலமாவால் அம்புக்குறி போட்டுவிட்டு வருவார். காட்டுக்குள் போன் நம்பிக்கைக்குரியது அல்ல. ஆரம்பத்தில் அந்த அம்புகளைப் பார்த்து மலைக்காரர்கள் பதறிப்போனார்கள். நிலத்தை அளந்து எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். கடைசி ஆள் போனதும் ஒவ்வொரு அம்பையும் அழித்துவிடுகிறோம் என்று ரெஜிஸ் ஊர்க்கூட்டத்தில் வாக்குக் கொடுத்தார். அன்றைக்கு மனைவி ஷரபுன்னிசாவின் சமையலறையிலிருந்து காணாமல் போன விளக்குமாறுதான் இது.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. கிளம்புவதற்கு முன், எல்லோரும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருக்கும்போது, தரையைப் பார்த்தபடி சற்று உரக்கச் சொல்வார்: "பொம்பளப் புள்ளைங்க யாராச்சும் வழியில ஒதுங்கணும்னா, எங்கிட்டயோ யாருகிட்டயோ சொல்லணும்னு இல்ல. சைக்கிளப் பாதைக்குக் குறுக்கப் படுக்கப் போட்டுட்டுப் போயிடுங்க. படுத்த சைக்கிளத் தாண்டி நான் போவ மாட்டேன்."

எதிரே நிற்கிற பத்தொன்பது பேரும் ஆண்கள்.

"பாய், இங்க பொம்பளைங்களே இல்லையே" என்று யாராவது ஒருவன் சொல்லாமல் இருக்க மாட்டான்.

"தெரியும் தம்பி. இருந்தாலும் சொல்லிடறேன்."

காரணம் போன ஆவணியில் இருக்கிறது. அப்போது அவருக்கு முன்னால் போகிறவர்கள் இருபத்திரண்டு பேர். மூன்று பெண்கள். அவர்களில் தேவதர்ஷினி என்ற பெண் ஸ்ரீரங்கத்தில் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலை பார்ப்பவள். மூன்று பேரில் நன்றாக ஓட்டுகிறவளும் அவள்தான். அந்த ஞாயிறு காட்டுக்குள் பலாமரத்தடியில் பாதை பிரிகிற இடத்துக்கு அஹத் வந்தபோது, செயின் மாட்டிக்கொண்டிருந்தவனிடம், "எல்லாரும் முன்னால போயாச்சா?" என்று கேட்டார். "போயாச்சு பாய்" என்றான். திரும்பிப் பார்த்தார். பாதை வெறிச்சென்று இருந்தது. மணியை அடித்தார். பதில் இல்லை. விளக்குமாற்றை எடுத்து அம்பை அழித்துவிட்டு, வலப்பக்கம் இறங்கிப் போய்விட்டார்.

ஏரிக்கரையில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, ஒரு இட்லிப் பொட்டலம் மிச்சம் இருந்தது.

அதைப் பார்த்ததும் அவர் சைக்கிளைத் திருப்பினார். இரண்டாய்ப் பிரிந்து மலையேறித் தேடினார்கள். கடைசியில் மூன்று மணி வாக்கில் பாப்பாயி என்கிற மலைக்கார அம்மா தானே தேவதர்ஷினியைக் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். அம்பு இல்லாத இடத்தில் இடப்பக்கம் போய், மரவள்ளிக் கொல்லைகளுக்குள் திக்குத் தெரியாமல் சுற்றியிருக்கிறாள். முழங்கை சிராய்த்து, உதடு காய்ந்து, கண் வீங்கி இருந்தது. பாப்பாயி நேராக விளக்குமாறு இருந்த சைக்கிளைத்தான் பார்த்தாள். "அழிக்கச் சொன்னது நாங்கதான் சாமி. ஆள் போன பொறவு அழிக்கணும்ல?" என்றாள்.

தேவதர்ஷினி யாரையும் குறை சொல்லவில்லை. "சும்மா கொஞ்சம் நின்னுட்டேங்க. என் தப்புதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் அஹத்துக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்கும்.

அடுத்த வாரம் முழுக்க அவருக்கு அதே நினைப்பு. பாதை காலியாக இருந்ததே, மணி அடித்தேனே, எங்கே நின்றாள், ஏன் குரல் கொடுக்கவில்லை? சோற்றைப் பிசைந்துகொண்டே இதை நாலாவது தடவையாகக் கேட்டபோது, ஷரபுன்னிசா ரசக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, உங்க கூட்டத்துல எத்தன ஆம்பளைங்க?"

"பத்தொம்போது. என்னையும் சேத்தா இருவது."

"இருவது ஆம்பளைங்களுக்கு நடுவுல ஒரு புள்ளைக்கு வயித்தக் கலக்குனா யாருகிட்டப் போயி சொல்லும்? சைக்கிளயும் தள்ளிக்கிட்டுப் பாறைக்குப் பின்னால மறைஞ்சிருக்கும். நீங்க மணி அடிச்சீங்கன்னா, 'இதோ இருக்கேன் பாய்'னு அங்கேர்ந்து கத்துமா?"

அஹத் கை அப்படியே தட்டில் நின்றது. ஆறு வருஷமாக டயருக்கு, மூச்சுக்கு, சர்க்கரைக்கு என்று எல்லாவற்றுக்கும் கேரியரில் மருந்து வைத்திருந்தவருக்கு இது ஒன்று மட்டும் தோன்றவே இல்லை. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

தேவதர்ஷினி அதன் பிறகு வரவில்லை. கூட வந்த இரண்டு பெண்களும் நின்றுவிட்டார்கள். என்னை மாற்றிவிடுங்கள் என்று அஹத் ரெஜிஸிடம் போய் நின்றார். ரெஜிஸ், "வேற யாரு பாய் இவ்ளோ மெதுவா ஓட்டுவாங்க?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஐப்பசியில் அவருக்கு சர்க்கரை பார்க்க வேண்டிய நேரம் வந்தது. மரக்கடையில் அவர் தெருவிலேயே மூன்று லேப் இருக்கிறது. வெறும் வயிற்றோடு காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போனார். தேவதர்ஷினி ஊசியோடு வந்தாள். "வாங்க பாய். கைய மடக்கிப் புடிங்க." மடக்கினார். சொல்ல நினைத்து வந்ததை விட்டுவிட்டு, மறுபடி எப்போது வரணும் என்று கேட்டார். சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். பக்கத்து ஓட்டலில் பொங்கல் சாப்பிட்டு வந்து, அந்த இரண்டு மணி நேரமும் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது ஊசிக்கும் கையை மடக்கிப் பிடித்ததோடு சரி. ரிசல்ட் மட்டும் நன்றாக வந்திருந்தது.

தை மாதம் மறுபடியும் போனார். இந்தத் தடவை சாப்பாட்டுக்குப் பிந்திய ஊசி ஏறும்போது, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு கடகடவென்று சொல்லி முடித்தார். "இப்ப ஒரு ரூல் வச்சிருக்கேன்ம்மா. சைக்கிளக் குறுக்கப் படுக்கப் போட்டுட்டுப் போனா போதும். யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. நான் தாண்ட மாட்டேன். அன்னிக்கு எனக்குத் தெரியல. எனக்குப் புத்தி இல்லாமப் போச்சு."

அவள் ஊசியை உருவி, பஞ்சை வைத்தாள். "அழுத்திப் புடிங்க பாய். ரெண்டு நிமிஷம்" என்றாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அஹத் இரண்டு நிமிஷத்துக்குப் பதில் பத்து நிமிஷம் பஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றுவிட்டு வந்தார்.

மாசி மாதத்து ஞாயிறு. அதே பச்சமலை ரூட். காலை ஆறரை மணிக்கு மலையடிவாரத்துச் சோபனபுரத்தில் சைக்கிள்களை வேனிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோது ஒரு ஸ்கூட்டரும் அதன் பின்னாலேயே சைக்கிள் ஏற்றிய ஒரு குட்டியானை லாரியும் வந்து நின்றன. ஹெல்மெட்டைக் கழற்றியது தேவதர்ஷினி. அஹத்தைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள். அவர் வழக்கமான பேச்சைப் பேசினார். அன்றைக்கு எவனும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடைசிச் சக்கரம் வளைவில் மறைந்தபோது, "இருவது" என்று சத்தமாகவே சொன்னார்.

மேடு ஏறிக் காட்டுக்குள் நுழைந்து, வளைவுக்கு ஒரு மணியாக அடித்துக்கொண்டு வந்தார். பலாமரம் தூரத்தில் தெரிந்தது. அதற்கு ஐம்பது அடி இப்பால் பாதை நடுவில் ஏதோ நீலமாகக் கிடந்தது. கிட்டே வந்தார். சைக்கிள். கீழே விழுந்ததுபோல அல்ல. ஹேண்டிலை நேராக்கி, ஒருவரும் தாண்ட முடியாதபடி பாதை அகலத்துக்கும் குறுக்கே பதனமாகப் படுக்க வைத்திருந்தது.

அஹத் இறங்கினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது, அதில் மறைக்க என்ன இருக்கிறது? தன் சைக்கிளை வந்த வழியைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார். பாறைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தார். அம்பு அங்கே முழுசாக வெள்ளையாக இருந்தது. விளக்குமாறு கேரியரில் இருந்தது. ஏரிக்கரையில் இந்நேரம் வடை தீர்ந்திருக்கும்.

கையை மட்டும் பின்னால் நீட்டி, மணியை மெல்ல ஒரு தரம் அடித்தார்.